நான் எழுந்து நிற்காததற்குக் காரணம்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் அவருடைய ஈரத்துண்டு கிடக்கிறது, இதில் உட்காருங்கள். மின்விசிறிக் காற்று போதுமா? இந்த வெயிலில் தூத்துக்குடியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள் என்றால் விஷயம் சிறியதில்லை. என்ன விஷயம் என்பதும் எனக்குத் தெரியும். கோலப்பன் அண்ணாச்சி காலையிலேயே போன் செய்துவிட்டார். தரகர்களில் அவர் ஒரு விதிவிலக்கு. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே சொன்னார்.

"மாப்பிள்ளையோட அம்மைக்கு மனசு சரியில்ல, டீச்சர். பொண்ணு புடிச்சிருக்காம். வீடு புடிச்சிருக்காம். கேசரிகூடப் புடிச்சிருக்காம். ஆனா நாங்க படியேறி உள்ள வாரோம், பொண்ணப் பெத்தவ இருந்த எடத்த விட்டு எந்திரிக்கலயே, அப்படி எங்கள விட என்ன ஒசத்தின்னு கேக்காவ. நேர்ல வந்து கேப்பாவளாம். சரியா பதில் வரலன்னா வேற எடம் பாத்துக்கிடுவாவளாம்."

இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. நீங்கள் வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. கேசரி கொடுத்தபோது எழுந்திருக்கவில்லை. நீங்கள் புறப்பட்டபோதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பினேன். இந்தப் பாளையங்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். வந்தவர்களை உட்கார்ந்தபடி வரவேற்றவள் என்ற பெயர் எனக்கு இதற்கு முன் கிடையாது. தபால்காரர் வந்தாலும் எழுந்து போய்த்தான் வாங்குவேன். ஆகவே மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்று என் மடியில் ஒரு பாம்பு இருந்தது.

இப்போது இல்லை. பதற்றப்படாமல் உட்காருங்கள். மடியை உதறிக் காட்டட்டுமா? பாருங்கள், ஒன்றுமில்லை. அது அந்த அறையில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் தின்னும் இனமாம், கார்ன் ஸ்நேக் என்கிறார்கள். நஞ்சு அதன் வம்சத்திலேயே கிடையாது. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருந்தால் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டினம், முறைப்படி அரசாங்கத்தில் பதிவு செய்திருக்கிறோம். என் வீட்டில் முறைப்படி இல்லாத பொருள் எதுவும் இருக்காது.

மாப்பிள்ளைத் தம்பி உங்களிடம் சொல்லவில்லையா? எங்கள் பெண் வடிவு முதல்நாள் பேசியபோதே அவரிடம் சொல்லிவிட்டாளே. சொல்லவில்லையா. சரி. அப்படியானால் என் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டாம். வந்துவிட்டது, என்ன செய்வது. ஆனால் அதற்காகப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாம்பு வளர்க்கிறேன் என்று வடிவு சொன்னவுடன் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அது என்ன சாப்பிடும்?" என்று கேட்டாராம். எல்லோரும் கடிக்குமா என்றுதான் கேட்பார்கள். என்ன சாப்பிடும் என்று கேட்ட முதல் ஆள் உங்கள் மகன். அன்றைக்கே நான் அவரிடம் சொன்னேன், அவரிடம் என்றால் வடிவின் அப்பாவிடம், "இந்த இடம் முடிந்தால் நல்லது" என்று. ஆகவே நான் உங்களை அவமதிக்க நினைத்திருக்க முடியாது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அது வந்தது சென்ற பொங்கலுக்கு. வடிவு பெங்களூரில் ஒரு விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். யாரோ தோழியைப் பார்த்து ஆசைப்பட்டு இதை வாங்கியிருக்கிறாள். விடுதிக்காரப் பெண்மணி கண்டுபிடித்து, ஒன்று பாம்பு இருக்க வேண்டும் அல்லது நீ இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். நியாயமான பேச்சுத்தான். பொங்கலுக்கு முதல்நாள் காலையில் வந்து இறங்கினாள். துணிப்பை ஒரு கையில், மூடியில் துளையிட்ட ஒரு டப்பா இன்னொரு கையில்.

"யம்மா, கத்த மாட்டேன்னு சொல்லு, காட்டுதேன்" என்றாள்.

நான் எதற்குக் கத்தப்போகிறேன்? அறுபது பெண்கள் ஒரே நேரத்தில் கத்துவதை ஒரு பார்வையில் நிறுத்தியவள் நான். கத்தியது அவர். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், மழையிலும் கம்பத்தில் ஏறியவர்; அந்த மனிதர் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றார். அங்கே இருந்தபடியே, "இது இருக்குத வீட்டுல நான் இருக்க மாட்டேன், பாத்துக்க" என்றார். சரி என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தோசை வார்க்கும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். அதன்பிறகு சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டார், அது தானாகப் போய்விட வேண்டும் என்று. அந்த நேர்ச்சை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பெயர் வத்தல். மிளகாய் வத்தல் நிறம், அந்த நீளம், அந்தச் சுருக்கம். வடிவு வைத்த பெயர். நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதற்குக் காது கிடையாது, அழைத்துப் பயன் என்ன? அது என்றுதான் சொல்வேன். எனக்கு அதன்மேல் தனியாக எந்தப் பற்றும் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொறுப்பு என்று ஒப்படைத்தால் செய்வேன், அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து வடிவு போய்விட்டாள். போகும்போது, "வாரத்துக்கு ஒருக்க சாப்பாடும்மா, தண்ணி மாத்தணும், வேற ஒண்ணும் கெடையாது" என்றாள். என் வாழ்க்கையில் வேறொன்றும் கிடையாது என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட வேலைகள் எல்லாவற்றிலும் வேறு நிறைய இருந்திருக்கின்றன.

சாப்பாடு என்ன என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும், நீங்களும் சைவம். எலிக்குஞ்சு. உறைய வைத்துப் பெட்டியில் அனுப்புகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் வாங்கிப் பின்கட்டில் வைத்திருக்கிறேன். தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனி வெந்நீர்ப் பாத்திரம். அடுக்களைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிடிப்பது யாரோ, உறைய வைப்பது யாரோ, வாங்குவது வடிவு, தின்பது அது. நடுவில் நான் வெந்நீரில் வைத்து எடுக்கிறேன். இதில் என் சைவத்துக்கு எந்தக் குறையும் வந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் மட்டும் ஒரு வாரம் அடுக்களை ஃப்ரிட்ஜில் வைத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

ஆனால் அது தின்னவில்லை. தின்னாதது மட்டுமா? பெட்டிக்கு அருகில் போனாலே போதும், உடம்பை வளைத்து வளைத்து மடக்கி, தலையைப் பின்னுக்கு இழுத்து, வாலை அப்படியே நடுக்கும். கீழே காகிதம் விரித்திருப்பேன், அதில் வால் பட்டு சரசரவென்று சத்தம் வரும். பெரிய நாகம் என்று தனக்கே ஒரு நினைப்பு. கையை உள்ளே விட்டால் பாயும். பல் பட்டால் பூக்கோக்கும் ஊசி குத்தியதுபோல ஒரு சுருக்; ரத்தம்கூட வராது. தூக்கினால் ஒரு நாற்றம் விடும் பாருங்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பயந்த பிராணி என்று வடிவு சொன்னாள். குட்டிப் பாம்புக்கு உலகத்தில் எல்லோரும் தன்னைத் தின்ன வருகிறவர்கள். பயத்தில்தான் சீறுகிறது. இது எனக்குப் புதிதில்லை. ஆறாம் வகுப்பில் வந்து சேருகிற பிள்ளைகளில் வருடத்துக்கு ஒன்று இப்படி இருக்கும். பெயர் கேட்டால் முறைக்கும். அவர்களை எப்படிச் சரிசெய்தேனோ அப்படியே இதையும் செய்தேன். ஒழுங்கு, சுத்தம், நேரம். தினமும் காலையில் குளித்தவுடன் அதைக் கோலால் ஒரு டப்பாவுக்குள் தள்ளிவிட்டு, பெட்டியைக் காலி செய்து, எலுமிச்சை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அது ஒளிந்துகொள்ளும் கொட்டாங்கச்சியைத் தேய்த்து, புதுக் காகிதம் விரித்து, திரும்ப உள்ளே விட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் காட்டினேன். அப்படி ஒரு சுத்தமான பாம்புப்பெட்டி இந்த மாவட்டத்தில் இருந்திருக்காது.

நாளுக்கு நாள் அதன் நடுக்கம் அதிகமாயிற்று. வாரத்துக்கு ஒருமுறை வைக்கும் உணவு அப்படியே கிடந்தது. உடம்பு தொட்டால் ஒடிந்துவிடும் போல ஆயிற்று. மாட்டாஸ்பத்திரி டாக்டர் இங்கே நல்லவர், கொண்டுபோய்க் காட்டினேன். "டீச்சர், நான் ஆடு, மாடு, நாய் பாப்பேன், கூடிப்போனா கிளி பாப்பேன். இதுக்கு என்கிட்ட படிப்பு இல்ல" என்றார். நேர்மையான பதில். வடிவு தினமும் போன் செய்து, செய்து, கடைசியில் அழுதுவிட்டாள். இப்படியே போனால் செத்துப்போகும் அம்மா என்றாள். ஓசூரில் யாரோ பாம்பு வளர்ப்பவர் இருக்கிறாராம், அவரிடம் கொடுத்துவிடலாம், அவருக்குப் பக்குவம் தெரியும் என்றாள்.

எனக்குப் பக்குவம் தெரியாது என்பது அதன் பொருள். கொடுப்பதானால் கொடு, அதற்கு முன் என் பராமரிப்பில் என்ன குறை என்று நீயே பார் என்று சொல்லி, காலை வேலை முழுவதையும் வீடியோவில் காட்டினேன். கழுவினேன், காயவைத்தேன், தேய்த்தேன். பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்:

"யம்மா, இது என்னைக்காவது செய்யுததா, தினமுமா?"

"தினமும்" என்றேன். "உன் அம்மா ஒரு வேலையை என்றைக்காவது செய்பவளா?"

தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது வீட்ட கண்ணால பாக்கலம்மா. நாக்க நீட்டி நீட்டி வாசம் புடிச்சுத்தான் இது என் எடம்னு கண்டுக்கிடும். நீ சோப்புப் போட்டுக் கழுவுனா அதுக்கு வீடே காணாமப் போயிருது. தெனம் காலைல வேற ஊரு, வேற வீடு. பயப்படாம என்ன செய்யும்?"

நான் செய்தது தவறு என்று அவள் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தம் எப்படித் தவறாகும்? அதற்குச் சுத்தத்தின் அருமை தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாதவர்களிடம் நாம்தான் இறங்கி வர வேண்டும். அன்றிலிருந்து அழுக்கான இடத்தை மட்டும் துடைப்பது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அந்த அறையைக் கடந்து போகும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவேன்.

அதற்கு நம் வாசனை பழக வேண்டும் என்றும் வடிவு சொன்னாள். எப்படிப் பழக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்றபடி, அறைக்குள் கால் வைக்காமல், "வடிவு பொறந்தப்ப எங்கம்மா பழைய வேட்டியத்தான கேட்டா? புதுத்துணி பிள்ள மேல்ல படப்பிடாது, உடுத்திப் பழகுன துணிதான் வேணும்னு சொல்லலயா?" என்றார். நானாகவே அந்த முடிவுக்கு வந்திருப்பேன். அவர் ஒரு நொடி முந்திக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பிறந்த பிள்ளைக்கு முதல் துணி பழந்துணி. பெரியவர்கள் உடுத்திப் பழகிய நூல்துணியில் சுற்றி எடுப்போம். இங்கே துணி இருந்தது. ஆனால் என் துணியில் என் வாசனை எங்கே இருக்கும்? துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு அடுக்கிய சேலைகள் என்னுடையவை. ஆகவே ஒரு பழைய நூல்சேலையை இரண்டு நாள் தொடர்ந்து உடுத்தினேன். இரவும் அதுவே, காலையும் அதுவே. பால்காரர் வாசலில் நின்று, "டீச்சருக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டாம் நாள் முந்தானையில் ஒரு சாண் கிழித்து, துவைக்காமல், துவைக்காமல் என்பதைக் கவனியுங்கள், அந்தக் கொட்டாங்கச்சிக்குள் வைத்தேன். ஒருவருக்கு நான் துவைக்காத துணி கொடுத்தது அதுதான் முதல்முறை.

மறுநாள் பார்த்தேன். அது துணியின் மடிப்புக்குள் நுழைந்து, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது. வால் ஆடவில்லை.

அதன்பிறகு தினமும் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரில் அல்ல, பக்கத்தில். செய்தித்தாள் படிப்பேன், கீரை ஆய்வேன். அதைப் பார்க்க மாட்டேன். வெறித்துப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கையில் தலைவலித் தைலம் கூடாது, தலையில் பூக்கூடாது. பத்து நாள் கழித்துப் பக்கக் கதவைத் திறந்து கையை உள்ளே வைத்தேன். நீட்டவில்லை, வைத்தேன். மேலிருந்து வருகிற கை அதற்குப் பருந்து. தரையோடு கிடக்கிற கை வெறும் கிளை. முதல் இரண்டு தடவை கொத்தியது. நான் கையை இழுக்கவில்லை. இழுத்தால், கொத்தினால் போய்விடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். அங்கேயே வைத்திருந்தேன். மூன்றாம் தடவை பாதிவரை பாய்ந்து வந்து, நடுவில் நின்று, நாக்கை நீட்டி என் கட்டைவிரலை முகர்ந்தது. அந்தச் சேலை என்று கண்டுகொண்டது போலும். நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த வாரம் தின்றது.

நான் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. கடமை ஒழுங்காக நடந்தது என்ற நிறைவு, அவ்வளவுதான். அன்று பாயசம் வைத்தது கிருத்திகை என்பதால். "கிருத்திகை நாளைக்குல்லா?" என்று அவர் கேட்டார். அவருக்கு எப்போதும் நாள் குழம்பும்.

இனி நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். நான் ஐந்து மணிக்குத் தயாராக இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்பது உங்களுக்கு வழியில் நினைவு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் வாசலை மிதித்துவிட வேண்டும் என்று வண்டியை விரட்டிக்கொண்டு மூன்றரைக்கே வந்துவிட்டீர்கள். சரியான காரியம்தான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மூன்றரை மணி என் மணி இல்லை, அதனுடைய மணி.

வழக்கமாக அந்த அறையில்தான் உட்காருவேன். அன்று வடிவு பெங்களூரிலிருந்து வந்து அங்கே சேலைகளைப் பரப்பி வைத்திருந்தாள். அதனால் பெட்டியைக் கூடத்து மூலைக்குக் கொண்டுவந்து, இதோ இந்த முக்காலியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை உள்ளே வைத்திருந்தேன். அதுவரைக்கும் அது கைக்கு வரும், மணிக்கட்டைச் சுற்றும், போய்விடும். ஒரு நாளும் தங்கியதில்லை. அன்று கை வழியாக ஏறி, முழங்கை வழியாக இறங்கி, மடிக்கு வந்தது. கொசுவத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. சுருண்டது. தலையைத் தன் உடம்பின்மேல் வைத்தது. அப்படியே கிடந்தது.

அதற்கு இமை கிடையாது, தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்தது. தையிலிருந்து ஆனி வரை நான் காத்திருந்தது அதற்குத்தான். எல்லோரையும் கண்டு நடுங்கிய ஒரு உயிர், ஒரு மடியைப் பார்த்து இங்கே ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் வண்டி வந்து நின்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். எழுந்தால் அது விழும். விழுந்தால் இத்தனை மாதமும் வீண், திரும்ப முதலிலிருந்து. எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆமாம், நினைத்தேன். வடிவு அறை வாசலில் ஒரு கையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். அவளைத்தான் பெண் பார்க்க வந்திருக்கிறீர்கள். அவள் என் மடியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "யம்மா, அசையாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முந்தானையை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது உங்களுக்கே தெரியும். அவர் உங்களை வரவேற்றுக்கொண்டே, "அவளுக்கு முட்டு வலி" என்றார். அதே நேரத்தில் வடிவு உள்ளேயிருந்து, "அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு" என்றாள். இரண்டு பேரும் ஒரே பொய்யைப் பேசி வைத்திருக்கலாம். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். முட்டியா இடுப்பா என்று நீங்கள் கேட்கவில்லை. அது உங்கள் பெருந்தன்மை. உட்கார்ந்தபடியே கேசரித் தட்டை நீட்டினேன். உங்கள் வீட்டுக்காரர் ஏதோ சொல்லிப் பலமாகச் சிரித்தார். முந்தானைக்குள் இருந்த என் விரலை அது இறுக்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதைத்தான் நீங்கள் கேலிச் சிரிப்பு என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

பிறகு நீங்கள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "இடுப்புக்கு நல்லெண்ணய காய்ச்சித் தேச்சுப் பாருங்க" என்றீர்கள். மனத்தாங்கலோடுதான் சொன்னீர்கள், இருந்தாலும் சொன்னீர்கள். அப்போது உங்கள் சேலைக்கும் அதன் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அது நாக்கை நீட்டியது எனக்குத் தெரிந்தது. தலையைத் திரும்ப வைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் இன்றும் வாலை ஆட்டும். உங்களுக்கு ஆட்டவில்லை. பாம்புக்குப் பிடித்தவர் பிடிக்காதவர் என்றெல்லாம் கிடையாது. ஆகவே உங்களைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பயப்படவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இதுதான் காரணம். இனி மன்னிப்புக் கேட்கிறேன். வந்தவர்களை எழுந்து வரவேற்காதது தவறு. பாம்பு இருந்தாலும் தவறுதான்.

என்ன, சிரிக்கிறீர்கள்? நன்றாகச் சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. அடுத்த அறையில்தான் இருக்கிறது. "எங்க வீட்டுல போயிச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ, மதினி" என்கிறீர்கள். மதினி என்று உறவு சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் நானும் மதினி என்றே அழைக்கலாம்.

பார்க்க வேண்டுமா, மதினி? உண்மையாகவா? அப்படியானால் முதலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர். தலையில் இருக்கும் பிச்சிப்பூவை எடுத்து இந்த மேசையில் வையுங்கள். நான் கொண்டுவருகிறேன்.

இதோ. நான் பிடித்திருக்கவில்லை, பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்திருக்கிறது. அழகாக இருக்கிறது என்கிறீர்களா? சட்டை உரித்து நான்கு நாள்தான் ஆகிறது, அதனால் நிறம் அப்படி. உங்கள் கையை மடியில் மல்லாந்து வையுங்கள். நீட்ட வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம், சாதாரணமாக இருங்கள். என் கையை உங்கள் கைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வந்தால் வரும், வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஆள் பழக மாதக்கணக்கில் ஆகும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

வந்துவிட்டது.

ஆமாம், குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆமாம், வழவழப்பு இல்லை, காய்ந்த உடம்பு. எல்லோரும் ஈரமாக இருக்கும் என்றுதான் நினைப்பார்கள். வளையல் நடுவில் நுழைகிறது, பயப்படாதீர்கள். நுழைந்து வெளியே வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் யாரிடமும் போனதில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு உங்களுக்கு, கை அசையாமல் இருக்கிறது, அதுதான் காரணம்.

என்ன சொன்னீர்கள்? பொண்ணு வரும்போது இதையும் கூட்டிக்கொண்டு வரட்டும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்றா?

வடிவை அழைத்துப் போங்கள், மதினி. எனக்குப் பரிபூரண சம்மதம். ஆவணியில் முகூர்த்தம் நீங்களே பாருங்கள். மண்டபம் உங்கள் ஊரில் என்றாலும் சரி. விடிந்து வெகுநேரம் தூங்குவாள், சாம்பாரில் உப்பு மறப்பாள். அதையெல்லாம் நீங்கள் பழக்கிக்கொள்ளலாம். இது வேறு விஷயம். மாடி அறை என்கிறீர்கள். மேற்கு வெயில் அடிக்குமா? உப்புக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? கீழே கிரைண்டர் ஓடுமா? காது கிடையாது என்றாலும் தரையின் அதிர்வு அதற்கு இடி மாதிரி. மதியம் மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் யார் சும்மா இருப்பார்கள்? தம்பி துறைமுகத்தில் இருப்பார், வடிவு கம்ப்யூட்டரில் இருப்பாள். நீங்கள் சீரியல் பார்ப்பீர்களா?

"பொண்ணக் குடுக்க ஒரு கேள்வி கேக்கல, பாம்பக் குடுக்க இத்தன கேள்வியா" என்று சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், நியாயமாக யோசித்துப் பாருங்கள். வடிவுக்கு வாய் இருக்கிறது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் சொல்வாள். நீங்கள் கேட்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறி இங்கே வந்து நிற்பாள். இது எங்கே போய்ச் சொல்லும்? நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள், அரைமணி நேரம் பார்த்தீர்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். பெண் விஷயத்தில் அது போதும், நம் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. பாம்பு விஷயத்தில் அது போதாது. நீங்கள் அடிக்கடி வர வேண்டும். பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு உங்கள் குணம் தெரிய வேண்டும், உங்கள் வீட்டு வாசனை தெரிய வேண்டும், அதன் மனத்தில் பயம் இல்லையென்று நமக்கு உறுதியாக வேண்டும். அதன்பிறகு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம். ஒரு வருடம் ஆகலாம். இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை இங்கே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

இன்றைக்கு இவ்வளவு நேரம் போதும், அதற்குக் களைத்துவிடும். இப்படிக் கொடுங்கள். இல்லை, எடுத்துக் கொடுக்காதீர்கள், இழுக்கவும் கூடாது. என் கையை இங்கே வைக்கிறேன். தானாக வரும்.

வரும். எனக்குத் தெரியும் அதை. உங்கள் வளையல் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால் நின்று பார்க்கிறது. வரட்டும், ஒன்றும் அவசரம் இல்லை.